அளவு முதலில், வண்ணம் கடைசியில்

மோதிய கார் பட்டறையிலிருந்து எவ்வாறு மீண்டு வருகிறது?

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே செல்லும் சாலை கோவிந்தாபுரத்தில் தமிழக எல்லையைக் கடந்து, முதலமடையின் மாந்தோப்புகளுக்கிடையே சென்று கொல்லங்கோட்டை அடைகிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. நாம் இங்குக் குறிப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள கொல்லங்கோட்டை. தெற்கே மலைச்சுவர், வடக்கே பாலக்காட்டுக் கணவாயின் வயல்வெளி, கடைவீதியில் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு என விளங்கும் எல்லைப்புற ஊர் அது. மாங்காய்ப் பருவத்தில் சரக்கு வாகனங்களும், விடுமுறை நாள்களில் நெல்லியாம்பதி மலைக்குச் செல்லும் சுற்றுலாக் கார்களும், இரு மாநிலப் பதிவெண்களைத் தாங்கிய உள்ளூர் வண்டிகளும் அச்சாலைகளில் ஒன்றையொன்று கடக்கின்றன. மழைக்காலத்தில் அத்தகைய சாலையில் ஒரு கணம் கவனம் பிசகினாலும் போதும். சாலையோர மரம் காத்திருக்கிறது.

மோதிய காரைப் பட்டறையில் விட்டுவிட்டு வீடு திரும்பும் எவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "வண்டி பழையபடி ஆகிவிடுமா?" சில வாரங்கள் கழித்து வண்டியை எடுக்கச் செல்லும்போது அவர் பார்ப்பதும் ஒன்றே: வண்ணம் ஒத்திருக்கிறதா என்பது. கேள்வி சரியானது, விடை தேடும் இடந்தான் தவறானது. ஒரு கார் உண்மையில் பழையபடி ஆயிற்றா என்பது வண்ணத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தீர்மானிக்கப்படுகிறது. அடுத்த விபத்தில் உள்ளிருப்போரின் உயிரும், வண்டியை விற்கும் நாளில் கிடைக்கும் விலையும் அவ்விடத்தையே சார்ந்துள்ளன. கடன் பெற்று வாங்கிய வண்டியாயின், தவணை முடியும்வரை அதன் நலனில் நமக்கும் வங்கிக்கும் ஒருங்கே அக்கறை உண்டு. ஆகவே பட்டறையின் உள்ளே நடப்பதை ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிடுவோம்.

விளக்கத்துக்காக ஒரு காரை எண்ணிக்கொள்வோம். வாங்கி மூன்றரை ஆண்டுகள் ஆன, 1200 சிசி இயந்திரம் கொண்ட சிறிய கார். கொல்லங்கோட்டுக்கு அருகே ஈரச் சாலையில் வழுக்கி, அதன் இடப்பக்க முன்மூலை ஒரு மரத்தில் மோதிவிட்டது. உள்ளிருந்தோர் காயமின்றித் தப்பினர், காற்றுப்பைகள் விரியவில்லை.

மோதிய இடத்தில் செய்ய வேண்டியவை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு ஓட்டுநரின் கடமைகளைக் கூறுகிறது: காயமுற்றோருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தல், காவல்துறைக்குத் தகவல் தருதல், காப்பீட்டு நிறுவனத்துக்கு விவரம் தெரிவித்தல். மனிதர்களைக் கவனித்த பின்னரே வண்டி. பதிவெண் தெரியும்படியும், மோதிய இடமும் சூழலும் தெரியும்படியும் நிழற்படங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் மதிப்பீட்டுக்கு அவை துணையாகும்.

அடுத்து வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும். ஏதேனும் திரவம் சொட்டினால் இயந்திரத்தை இயக்கக் கூடாது. ரேடியேட்டர் காரின் முகப்பிலேயே இருப்பதால் முன்மோதலில் முதலில் அடிபடும் உறுப்புகளுள் அதுவும் ஒன்று. குளிர்விக்கும் நீர் வடிந்துவிட்ட நிலையில் சில கிலோமீட்டர் ஓட்டினாலே இயந்திரம் வெந்துவிடும். பழுதுபார்க்காமல் ஓட்டியதால் கூடிய சேதத்தை வாகனப் பொதுக் காப்பீட்டுப் பாலிசி ஏற்பதில்லை. வண்டியை இழுத்துச் செல்லும் செலவுக்காக அப்பாலிசி காருக்கு ரூ.1,500 வரை தருகிறது. எல்லைப்புற ஊர்களிலிருந்து பாலக்காடு, பொள்ளாச்சி, கோவை ஆகிய மூன்று திசைகளிலும் வண்டியை அனுப்ப வழி உண்டு. அருகில் உள்ளது எது என்பதோடு, உடல் அளவைச் சரிபார்க்கும் கருவி எங்கே உள்ளது என்றும் கேட்டறிந்து அனுப்புவதே அறிவுடைமை.

ஓலைப்பெட்டி போன்ற உடல்

இப்பகுதிக்கும் மோட்டார்ப் பட்டறைக்கும் உள்ள உறவு பழையது. கோவையின் ஜி.டி. நாயுடு 1920ஆம் ஆண்டு ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். அக்கால வண்டிகளில் ஏணி வடிவ இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும். இயந்திரமும் சக்கரங்களும் அதிலே பொருந்தும். மேற்கூடு அதன்மீது தனியே அமர்த்தப்படும். மலைத் தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகளும் லாரிகளும் இம்முறையில் அமைந்தவையே. அத்தகைய வண்டியின் மேற்கூடு நசுங்கினால் தகட்டைத் தட்டி நிமிர்த்துவது பெரும்பாலும் போதுமானதாக இருந்தது.

இன்றைய காரில் அந்த ஏணிச் சட்டம் இல்லை. தரை, தூண்கள், கூரை, முன்தண்டுகள் யாவும் சில ஆயிரம் பற்றவைப்புப் புள்ளிகளால் இணைந்து ஒரே கூடாக நிற்கின்றன. மோனோகாக் என்று இவ்வமைப்பைச் சொல்வர். ஓலைப்பெட்டியை நினைத்துப் பார்க்கலாம். அதற்குள் தனியாக ஒரு சட்டம் இல்லை. பின்னலே அதன் வலிமை. அதன் ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலையும் சற்று நகர்கிறது. காரும் அவ்வாறே. இடப்பக்க முன்மூலையில் விழுந்த அடி, வலப்பக்கக் கதவின் இடைவெளியை மாற்றியிருக்கக்கூடும்.

மோதும்போது காரின் முன்பகுதி நசுங்குவது குறையன்று, வடிவமைப்பே. மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனப் பொறியாளர் பேலா பாரெனி 1951இல் இக்கருத்துக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். நடுவில் பயணிகள் இருக்கும் கூடு உறுதியாக நிற்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் நசுங்கி மோதலின் ஆற்றலை உறிஞ்ச வேண்டும் என்பதே அது. 1959இல் அந்நிறுவனத்தின் காரொன்றில் இது நடைமுறைக்கு வந்தது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதை நினைவிற்கொண்டால், சில அடி நீளமுள்ள அந்த முன்பகுதி ஆற்றும் பணியின் அருமை விளங்கும். அப்பகுதி, வடிவமைத்தவர் எண்ணிய இடத்தில், எண்ணிய வரிசையில் மடிய வேண்டும். பழுதுபார்த்தலின் நோக்கம் அந்தத் தன்மையை மீட்பதே.

பிரித்துப் பார்த்தல்

பட்டறைக்கு வந்த காரை முதலில் கழுவுகின்றனர். சேறு படிந்திருந்தால் கீறலும் மடிப்பும் தெரியா. பின்னர் வெளிச் சேதத்தைப் பட்டியலிட்டு முதல் மதிப்பீடு தயாராகிறது. காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் சர்வேயர் எனப்படும் இழப்பு மதிப்பீட்டாளர் வந்து பார்வையிடுகிறார். அவர் பார்க்கும் முன் வேலையைத் தொடங்கிவிடக் கூடாது.

அவருடைய ஒப்புதலுக்குப் பின்னரே உறுப்புகளைப் பிரிப்பர். பம்பரைக் கழற்றினால் அதன் பின்னே குறுக்குச் சட்டம் வளைந்திருப்பது தெரியும். முகப்பு விளக்கை எடுத்தால் அதன் பிடிகள் உடைந்திருப்பது தெரியும். மட்கார்டை அகற்றினால் உள்தகட்டின் மடிப்பு தெரியும். ஆகவே முதல் மதிப்பீட்டைவிட இரண்டாவது மதிப்பீடு உயர்வது இயல்பு. உரிமையாளர்கள் இதனைப் பட்டறையின் சூழ்ச்சி என்று ஐயுறுவதுண்டு. ஐயம் நீங்க எளிய வழி, பிரித்த நிலையில் வண்டியை நேரில் சென்று பார்ப்பது. புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு உறுப்பையும் சுட்டிக்காட்டச் சொல்வது. இந்த இரண்டாம் பட்டியலையும் சர்வேயர் பார்த்து ஒப்ப வேண்டும். அவர் ஒப்பாத வேலைக்கான பணம் நம் கையிலிருந்தே போகும்.

மூன்று மில்லிமீட்டர்

அடுத்த கட்டமே முழு வேலையின் உயிர்நிலை. காரின் அடிப்பாகத்தில் தயாரிப்பு நிலையிலேயே பல துளைகளும் பொருத்துப் புள்ளிகளும் அமைந்துள்ளன. அவற்றுக்கிடையே இருக்க வேண்டிய நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைத் தயாரிப்பாளரின் தரவுத்தாள் தருகிறது. காரை அலைன்மென்ட் பெஞ்ச் எனப்படும் கனத்த இரும்பு மேடையில் ஏற்றி, கதவுகளுக்குக் கீழேயுள்ள தகட்டு விளிம்புகளை நான்கு இடங்களில் கவ்விப் பிடித்து, ஒவ்வொரு புள்ளியையும் அளக்கின்றனர். பிரான்சின் செலெட், சுவீடனின் கார்-ஓ-லைனர் போன்ற நிறுவனங்களின் மேடைகள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. சிலவற்றில் அளவுகோலைக் கையால் நகர்த்தி அளப்பர். சிலவற்றில் மின்னணு அளவுக்கை நேரே கணினியில் எண்களைக் காட்டும்.

பொதுவாக ஏற்கப்படும் விலகல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் வரும் தடிப்பளவே அது. அதற்கு மேல் விலகியிருந்தால் சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்ய இயலாமற்போகும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஓரம் தேயும். பானட்டும் கதவும் சரியாகப் பொருந்தா. நாம் எண்ணிக்கொண்ட காரில் இடப்பக்க முன்தண்டு உட்பக்கமாகச் சில மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று கொள்வோம். வெளியிலிருந்து பார்ப்பவர் பம்பரும் விளக்கும் மட்டுமே போயின என்பார். அளவுகோல்தான் உண்மையைச் சொல்லும்.

இழுப்பதும் வெட்டுவதும்

விலகிய பகுதியை, மோதல் விசை வந்த திசைக்கு நேர் எதிர்த்திசையில் இழுக்கின்றனர். மேடையோடு இணைந்த தூணிலிருந்து சங்கிலி ஒன்று தகட்டுக் கவ்வியில் மாட்டப்பட்டு, ஹைட்ராலிக் விசையால் சிறிது சிறிதாக இழுக்கப்படுகிறது. ஒரே மூச்சில் இழுப்பதில்லை. இழுத்து, நிறுத்தி, தகட்டில் தேங்கிய இறுக்கம் தளரச் சுத்தியலால் மெல்லத் தட்டி, மீண்டும் அளந்து, மீண்டும் இழுப்பர். விசையை விட்டதும் இரும்பு சற்றுப் பின்வாங்கும் இயல்புடையது. அதற்காகத் தேவைக்குச் சிறிது கூடுதலாக இழுத்து விடுவதில் தொழிலாளியின் அனுபவம் தெரியும்.

எந்தத் தண்டை இழுக்கலாம், எதனை வெட்டி மாற்ற வேண்டும் என்பது அடுத்த கேள்வி. கூர்மையாக மடிந்து சுருங்கிய தண்டை நிமிர்த்தினாலும் அதன் மடிப்புக்கோடு பலவீனமாகவே இருக்கும். மேலும் இன்றைய கார்களில் எல்லா இரும்பும் ஒன்றல்ல. கதவுகளுக்கிடையே உள்ள நடுத்தூண் போன்ற பகுதிகள் பல கார்களில் சாதாரணத் தகட்டைவிட நான்கைந்து மடங்கு வலிமையுள்ள போரான் எஃகால் ஆனவை. செந்தழலாகச் சூடேற்றி, அச்சில் அழுத்தி, உடனே குளிர்வித்து அந்த வலிமையை அதற்கு ஊட்டுகின்றனர். அதனைப் பட்டறையில் கேஸ் விளக்கால் சூடேற்றி வளைத்தால் ஊட்டிய வலிமை போய்விடும். குளிர்ந்த நிலையில் வளைத்தால் விரிசல் காணும். அத்தகைய உறுப்பை மாற்றுவதே முறை. "சூடு பண்ணி நிமிர்த்திவிடலாம்" என்று எவரேனும் சொன்னால், எந்த உறுப்பை என்று கேட்பது நம் கடமை.

புதிய தண்டு பொருத்தும்போது, தயாரிப்பாளர் காட்டிய இடத்தில் மட்டுமே வெட்டி, புள்ளிப் பற்றவைப்பாலோ, பட்டறைகளில் சிஓ2 வெல்டிங் என்று வழங்கும் வாயுக் காப்புப் பற்றவைப்பாலோ இணைப்பர். பற்றவைப்பதற்கு முன் பாட்டரி இணைப்பைத் துண்டிப்பது மின்னணுப் பெட்டிகளைக் காக்கும். பற்றவைத்த இடத்தில் தொழிற்சாலைப் பூச்சு எரிந்துபோயிருக்கும். ஆகவே துருத்தடுப்புப் பூச்சு, இடுக்கு அடைக்கும் சீலர், உட்குழிவுக்கு மெழுகு ஆகிய மூன்றும் வேண்டும். ஆண்டில் இரு பருவமழையும் காணும் இப்பகுதியில் இதனைத் தவறவிட்டால், வெளியே பளபளக்கும் கார் உள்ளே துருவேறத் தொடங்கும்.

டிங்கரிங்கும் பட்டியும்

கட்டமைப்பு சரியானபின் மேல்தகடுகளின் முறை. டிங்கர் என்று நாம் அழைக்கும் தகட்டுத் தொழிலாளி, ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் டாலி எனப்படும் கையடைகல்லும் கொண்டு தகட்டின் இருபுறமும் வேலை செய்கிறார். பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடிப்பது தவறு. அது தகட்டை நீட்டிவிடும். மேடான விளிம்பைத் தாழ்த்தத் தாழ்த்தப் பள்ளம் தானே எழும். கண்ணைவிட உள்ளங்கை இதில் நம்பத்தக்கது. அனுபவமுள்ள டிங்கர் துணியொன்றைக் கையில் போர்த்தித் தகட்டைத் தடவியே மேடுபள்ளத்தைச் சொல்லிவிடுவார்.

தட்டியபின் எஞ்சும் நுண்ணிய குறையை நிரப்புவதற்கே பட்டி. கடினமாக்கும் பசையுடன் கலந்து பூசி, இறுகியபின் உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துவர். ஓரிரு மில்லிமீட்டர் தடிப்பு வரை பட்டி நல்ல துணை. தகட்டைத் தட்டாமலே பள்ளத்தைப் பட்டியால் நிரப்புவது மோசடிக்கு நிகர். வெயிலில் தகடு விரியும் அளவும் பட்டி விரியும் அளவும் வேறு; சில கோடைகளில் விரிசல் தோன்றி, மழைநீர் புகுந்து, பட்டி கட்டியாகப் பெயரும். சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டில் வைத்துப் பார்த்தால், தடித்த பட்டியின்மீது அது ஒட்டாமல் நழுவும். பம்பர் போன்ற பிளாஸ்டிக் உறுப்புகளிலும் அலுமினியத் தகடுகளிலும் இச்சோதனை செல்லாது.

வண்ணம்

தொழிற்சாலையில் காரின் வெற்றுக் கூடு முழுவதும் வண்ணத் தொட்டியில் மூழ்கி, 160 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் வேகிறது. பட்டறைக்கு வரும் காரில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் மின்கம்பிகளும் இருப்பதால் அத்தகைய சூடு இயலாது. இங்கு இரசாயனக் கடினமாக்கி சேர்த்த வண்ணத்தைத் தெளித்து, தூசு புகாத அறையில் சுமார் 60 பாகை செல்சியசில் அரைமணி நேரம் உலர்த்துகின்றனர். முதலில் பிரைமர், பின் நிற அடுக்கு, இறுதியில் கிளியர் என்னும் நிறமற்ற பளபளப்பு அடுக்கு. தொழிற்சாலையின் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே மனித முடி இரண்டின் தடிப்பை ஒத்ததுதான்.

காரின் தகட்டில் பொறித்த வண்ணக் குறியீட்டைக் கொண்டு கலவை தயாரிக்கப்படும். ஆயினும் மூன்றரை ஆண்டு வெயில் கண்ட கதவின் நிறமும் புதிய கலவையின் நிறமும் ஒன்றாக இரா. ஆகவே திறமையான பெயிண்டர் புதிய மட்கார்டின் நிறத்தை அடுத்துள்ள கதவின்மீதும் படிப்படியாக மங்கச் செய்து, எல்லை தெரியாமல் கலக்கிறார். உலோகத்துகள் கலந்த வெள்ளி நிறத்தில் இது இன்னும் கடினம். துகள்கள் படியும் கோணம் மாறினால் ஒரே கலவையும் இரு நிறமாகத் தெரியும். பாலக்காட்டுக் கணவாயின் காற்று தூசைச் சுமந்து வருவது. பருவமழை நாள்களில் ஈரமும் மிகுதி. திறந்தவெளிக் கொட்டகையில் அடித்த வண்ணத்தில் தூசுப் புள்ளியும் மங்கலும் தோன்றுவதற்குக் காரணம் தொழிலாளியின் கையன்று, மூடிய அறை இல்லாமையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இக்கால வண்ணங்களின் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அதன் ஆவியை நாள்தோறும் சுவாசிப்பவருக்குத் தீராத ஆஸ்துமா வரக்கூடும். முகத்தில் கைக்குட்டை கட்டுவது அதற்குக் காப்பாகாது. குழாய்வழி தூய காற்று வரும் முகமூடி வேண்டும். தன் தொழிலாளியைக் காக்கும் பட்டறை, வேலையையும் பெரும்பாலும் ஒழுங்காகச் செய்யும். வண்டியை விடச் செல்லும் நாளில் இதனையும் கவனிக்கலாம்.

மீண்டும் பூட்டுதல்

உறுப்புகளைப் பூட்டியபின் சோதனைகள் தொடங்குகின்றன. சக்கரங்களின் கோணம் சரிபார்க்கப்பட வேண்டும். முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசாதபடி திருத்தப்பட வேண்டும். ஏசி வாயுவும் குளிர்விக்கும் நீரும் நிரப்பப்பட வேண்டும். முன்கண்ணாடியை மாற்றியிருந்தால் அதனை ஒட்டிய பசை முழுதாக இறுகும் வரை வண்டியை எடுக்கக் கூடாது. கூட்டின் வலிமையில் அக்கண்ணாடிக்கும் பங்குண்டு.

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயமாயிற்று. நம் காரில் அது விரியவில்லை. விரிந்திருந்தால் பையும், அதனோடு செயற்பட்ட சீட் பெல்ட் இறுக்கியும் புதிதாக மாற்றப்பட வேண்டும். மோதலைப் பதிவு செய்த கட்டுப்பாட்டுப் பெட்டியையும் தயாரிப்பாளரின் அறிவுறுத்தப்படி மாற்ற வேண்டும். வண்டியை இயக்கியதும் காற்றுப்பை விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றாலும், எரியவே இல்லை என்றாலும், அவ்வண்டியைப் பெற்றுக்கொள்ளக் கூடாது.

கணக்கு

இனிப் பணத்தைப் பார்ப்போம். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தால் நம் வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு சேர்த்தே தரப்படுகிறது. அதனைக் கண்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய சொந்தச் சேதக் காப்பீட்டை மறந்துவிடுவோர் உளர்.

சொந்தச் சேதக் காப்பீடு இருந்தாலும் முழுத்தொகை வருவதில்லை. பழைய உறுப்புக்குப் பதில் புதியது பெறுவதால் தேய்மானம் கழிக்கப்படுகிறது. பொதுப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் உறுப்புகளுக்கும் பாட்டரிக்கும் காற்றுப்பைக்கும் 50 சதவீதம்; கண்ணாடிக்குக் கழிவில்லை; உலோக உறுப்புகளுக்கு வண்டியின் வயதுப்படி, மூன்று முதல் நான்கு ஆண்டு வரை 25 சதவீதம். வண்ண வேலையில் பொருளின் விலைக்கு மட்டும் 50 சதவீதம்; ஒரே தொகையாகப் பில் தந்தால் அதில் கால் பங்கே பொருளின் விலையாகக் கொள்ளப்படும்.

நம் காருக்கு, வரி நீங்கலாக, பில் இவ்வாறு வந்தது என்று வைத்துக்கொள்வோம்: உலோக உறுப்புகள் ரூ.60,000, பிளாஸ்டிக் ரூ.20,000, கண்ணாடி ரூ.8,000, வண்ணம் ரூ.20,000; கூலி ரூ.24,000, ஆக மொத்தம் ரூ.1,32,000. உலோகத்தில் ரூ.15,000, பிளாஸ்டிக்கில் ரூ.10,000, வண்ணத்தில் ரூ.2,500 கழியும். 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு ரூ.1,000. நாம் ஏற்க வேண்டியது ரூ.28,500, நிறுவனம் தருவது ரூ.1,03,500. தேய்மானமில்லாக் கூடுதல் காப்பு எடுத்திருந்தால் அந்த ரூ.27,500 பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

சிறு கீறலுக்கெல்லாம் கோரிக்கை வைப்பது நட்டமாகவும் முடியலாம். கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாண்டில் 50 சதவீதம் வரை உயரும் பிரீமியச் சலுகை, ஒரே கோரிக்கையால் சுழிக்கு வந்துவிடும். சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.8,000, சலுகை 35 சதவீதம் எனில் அடுத்த ஆண்டே ரூ.2,800 இழப்பு. மூவாயிரம் ரூபாய் வேலைக்குக் கோரிக்கை வைக்குமுன் இதனைக் கணக்கிட வேண்டும்.

மீட்கும் செலவும் பழுதுச் செலவும் சேர்ந்து காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். வங்கிக் கடன் நிலுவையில் உள்ள வண்டியாயின் அத்தொகை முதலில் கடனுக்குச் செல்லும்; எஞ்சியதே உரிமையாளருக்கு. பழுதுபார்க்கும் காலத்திலும் மாதத் தவணை நிற்பதில்லை. வருமானம் ஈட்டும் டாக்சியாயின் அவ்வாரங்களுக்கான தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது நன்று. இடர்ப்பாடு இருப்பின் தவணை தவறுமுன் கிளைக்கு வந்து பேசுவதே வழி.

வண்டியை எடுக்கும் நாளில்

பகல் வெளிச்சத்தில் செல்ல வேண்டும். முதலில் கேட்க வேண்டியது உடல் அளவுத்தாள்: பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள், தரவுத்தாளின் அளவோடு ஒப்பிட்டு. அடுத்து, சக்கரக் கோண அறிக்கை. மாற்றியதாகப் பில்லில் உள்ள பழைய உறுப்புகளைக் காட்டச் சொல்ல வேண்டும். பானட்டுக்கும் மட்கார்டுக்கும் இடையிலான இடைவெளி இருபுறமும் ஒத்துள்ளதா, கதவுகள் உரசாமல் மூடுகின்றனவா எனப் பார்க்க வேண்டும். நேரான சாலையில் ஓட்டி, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என அறிய வேண்டும். இவையெல்லாம் முடிந்தபின் வண்ணத்தைப் பார்க்கலாம்.

அளவுத்தாளையும் பில்லையும் பதிவுச் சான்றிதழோடு பத்திரப்படுத்த வேண்டும். பின்னொரு நாள் வண்டியை வாங்க வருபவர், மட்கார்டின் திருகுகளில் வண்ணம் பெயர்ந்திருப்பதைக் கண்டு விபத்து வண்டி என்று அறிந்துகொள்வார். அப்போது மறைப்பது மதிப்பைக் குறைக்கும். முறையாகப் பழுதுபார்த்ததற்கான தாளை எடுத்துக் காட்டுவது நம்பிக்கையைத் தரும். பழைய கார் வாங்கச் செல்லும் வாசகர்களும் அதே தாளைக் கேட்கலாம்.

மரத்தில் மோதிய அந்தச் சிறிய கார் ஒருநாள் மீண்டும் முதலமடைச் சாலையில் ஓடும். அதன் இடப்பக்க முன்தண்டு உரிய அளவில் நிற்கிறதா என்பது வழியில் எதிர்ப்படும் எவருக்கும் தெரியாது. உள்ளே அமர்ந்திருக்கும் குடும்பத்துக்கு மட்டும் அது தெரிந்திருக்க வேண்டும்.